மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கை வீட்டிலேயே மாற்றலாம்; ஆனால் முதலில் கோப்புகளைக் காப்பாற்றுங்கள்

கேமரன் மலை – 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்பில் இருந்தபோது, பிள்ளைகளின் இயங்கலைப் பாடத்திற்காகப் பல குடும்பங்கள் மடிக்கணினி வாங்கின. அது இன்று திறக்கவே பத்து நிமிடம் எடுத்தால், புதியது வாங்கும் முன் அதன் ஹார்ட் டிஸ்க்கைக் கவனிப்பது நல்லது. இந்த வேலைக்காகக் கியா பார்ம், சுங்கை பாலாஸ் வட்டாரத்தினர் ஈப்போவுக்கு மலையிறங்க வேண்டிய கட்டாயமில்லை. சிறிய திருப்புளியும் பொறுமையும் போதும்.

ஏன் மெதுவாகிறது?

மடிக்கணினி ஹார்ட் டிஸ்க்கில் பெரும்பாலும் நிமிடத்திற்கு 5,400 முறை சுழலும் தட்டு இருக்கும். அதைப் படிக்கும் முனை மெல்லிய காற்றுப் படலத்தில் மிதக்கிறது. சுமார் 3,000 மீட்டர் உயரம் வரை இது சிக்கலின்றி இயங்கும் என்பதால், 1,500 மீட்டருக்கு மேல் உள்ள கியா பார்மின் உயரம் பிரச்சினையே அல்ல. அதிர்வும் தேய்மானமும்தான் எதிரி. எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே இல்லை. அதனால்தான் வேகம்.

வாங்கும் முன்

கணினியின் மாடல் எண்ணை வைத்து எந்த வகை பொருந்தும் எனப் பாருங்கள். பழையவற்றில் 2.5 அங்குல சாட்டா வகை இருக்கும். புதியவற்றில் சூயிங்கம் பட்டை போன்ற எம்.2 வகை இருக்கும். எம்.2 வடிவிலும் சாட்டா, என்விஎம்இ என இரண்டு உண்டு. ஒன்றுக்குப் பதில் மற்றொன்று வேலை செய்யாமல் போகலாம். சில மலிவு கணினிகளில் சேமிப்பகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அதைக் கழற்ற முடியாது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 14 அக்டோபர் 2025-இல் முடிந்துவிட்டதால், கணினி விண்டோஸ் 11-ஐ ஏற்குமா என்றும் பாருங்கள்.

கோப்புகளே முதல் வேலை

எஸ்பிஎம் பயிற்சிகள், குடும்பப் படங்கள், சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுங்கள். 'டிக் டிக்' எனச் சத்தம் வந்தால் தாமதிக்காமல் முக்கியமானவற்றை மட்டும் முதலில் எடுங்கள். நல்ல நிலையில் இருந்தால், யுஎஸ்பி இணைப்பி வழியாகக் குளோன்சில்லா என்ற இலவச மென்பொருளில் முழு டிஸ்க்கையும் நகலெடுக்கலாம். பிட்லாக்கர் பூட்டு இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதி வையுங்கள்.

மாற்றும் முறை

கணினியை முழுமையாக அணைத்து, சார்ஜரைக் கழற்றுங்கள். குளிரிலிருந்து கதகதப்பான அறைக்குக் கொண்டு வந்திருந்தால், ஈரம் படிந்திருக்கக்கூடும். சற்று நேரம் விட்டு வையுங்கள். உலோகம் ஒன்றைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிய பின் அடிமூடியைத் திறந்து, முதலில் பேட்டரி இணைப்பை எடுத்துவிடுங்கள். திருகுகள் நீளத்தில் வேறுபடும். எது எங்கிருந்து வந்தது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். எம்.2-ஐச் சாய்வாகச் செருகி, அழுத்தித் திருகவும். பிறகு கணினியைத் திறந்து, பயாஸில் புதிய டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், திறக்கும் முன் அதன் நிபந்தனைகளைப் படியுங்கள்.

பழைய டிஸ்க்கை உடனே அழிக்காதீர்கள். ஒரு மாதமாவது வைத்திருந்து, எதுவும் விடுபடவில்லை என்று உறுதியான பின்னரே அழிக்கலாம். வெறும் ஃபார்மட் செய்தால் தகவல் முழுமையாக அழியாது. முழுவதும் மேலெழுதிய பிறகே விற்கவோ மின்கழிவு மையத்தில் கொடுக்கவோ வேண்டும்.