நீர்வேலியின் நேரமும் கணினியின் வாசிப்பும்

காலத்தைக் குறித்து வைத்தல் வரலாற்றின் முதற் கடமை. குறித்ததைப் பின்வருவோர் பிழையின்றி வாசித்தல் அதனினும் அரிது. இதனை வலிகாமம் கிழக்கிலுள்ள நீர்வேலி போன்ற ஊர்களின் அண்மைக்கால வரலாறு நன்கு காட்டுகின்றது.

கிறீன்விச் நேரத்துக்கு ஐந்தரை மணி முற்பட்ட நியம நேரத்தை இலங்கை 1906ஆம் ஆண்டிற் கைக்கொண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மாற்றப்பட்ட அந்நேரம் 1945இல் மீண்டது. பின்னர் மின்சார நெருக்கடி காரணமாக, 1996 மே 25ஆம் நாள் பிறந்த கணத்தில் மணிக்கூடுகள் ஒரு மணி முன்தள்ளப்பட்டன. அவ்வாண்டு ஒக்ரோபர் 26இல் அரைமணி குறைக்கப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்பிரல் 15இற் கைவிடப்பட்டது. விடுதலைப் புலிகள் இம்மாற்றத்தை ஏற்றிலர். ஆதலின் அவர்களின் ஆட்சிக்குட்பட்ட வன்னிப் பகுதிகளிற் பழைய நேரமே நிலவியது. 1995இன் பிற்பகுதியில் இராணுவத்தின் வசமான நீர்வேலிக்கோ அரசாங்க நேரமே உரியதாயிற்று. 2002இல் ஏ9 வீதி திறக்கப்பட்டபின், முகமாலையைக் கடந்தோர் அரைமணி நேரத்தையும் உடன் கடந்தனர்.

இவ்வரலாறே இன்று இணைய நிரலாக்கத்திற் சிக்கலாய் எழுகின்றது. "1996 மே 25, 00:30" என்னும் நேரம் நீர்வேலியில் இருந்ததே இல்லை. "2006 ஏப்பிரல் 15, 00:15" என்பதோ இருமுறை வந்தது. முன்னதை மறுத்தலும், பின்னதில் எதுவென வினவுதலும் நிரலின் கடன். அவ்வாறன்றி, தானே ஒன்றை ஊகித்து விடையளிக்கும் நிரல் பொய்யுரைக்கின்றது. "03/04/2002" என்பதை நீர்வேலியார் ஏப்பிரல் 3 என எழுத, அமெரிக்க வழக்கைப் பின்பற்றும் நிரல் மார்ச் 4 என வாசிப்பதும் இவ்வகையினதே.

இதன் விளைவு சிறிதன்று. சாதகம் கணிக்கும் நிரலொன்று எல்லா ஆண்டுக்கும் ஐந்தரை மணியையே கொள்ளுமாயின், 1996 யூலையில் நீர்வேலியிற் பிறந்த குழந்தையின் பிறப்பு நேரம் ஒரு மணி பிழைக்கும்; இலக்கினம் ஏறத்தாழ 15 பாகை, அதாவது அரை இராசி, விலகும். உலகக் கணினிகள் பயன்படுத்தும் நேரவலயத் தரவுத்தளம் கொழும்பின் பெயரால் அரசாங்க நேரத்தைச் சரிவரத் தருகின்றது. ஆயினும் அதனைக் கொண்டு அக்காலத்து வன்னிப் பிறப்பைக் கணித்தால், பிழை மறுதிசையில் நேரும்.

எனவே, எழுதியவர் எழுதியவாறே நேரத்தைப் பேணி, அதனுடன் இடத்தையும் கிறீன்விச் வேறுபாட்டையும் சேர்த்துப் பதிதல் வேண்டும். ஐயம் எழுமிடத்து நிரல் அதனை வெளிப்படக் கூறுதல் வேண்டும். பிழையென அறிவிக்கும் நிரலினும், பிழையை மறைக்கும் நிரலே அஞ்சத்தக்கது. இடம் அறியாத நேரம் வெறும் எண்ணேயன்றி வரலாறாகாது.