காகிதத்தின் குற்றம்

உடை உடம்பில் பொருந்தாவிட்டால் குற்றம் யாருடையது? பெண்களைக் கேட்டால் பெரும்பாலோர் தங்கள் உடம்பையே நொந்துகொள்வார்கள். 'பாடி' என்று நாம் சொல்லும் மார்க்கச்சின் சரித்திரமோ வேறு தீர்ப்புக் கூறுகிறது.

அமெரிக்காவில் ஸ்டெர்லிங் என்ற ஊரில் எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர் இருந்தார். 1863-இல் அவர் துணி வெட்டுவதற்கான காகித மாதிரிகளைப் பல அளவுகளில் தயாரித்து விற்கத் தொடங்கினார். வீட்டிலிருந்தபடியே பெண்கள் தைத்துக்கொள்ள அது பெரிய உதவி. ஆனாலும் கடைக்காரரின் அளவு எல்லாருடைய அளவும் ஆகிவிடுமா?

நியூயார்க்கில் மேரி ஃபெல்ப்ஸ் ஜேக்கப் என்ற இளநங்கை, திமிங்கில எலும்பு வைத்த கச்சையின் தொல்லை பொறுக்காமல், இரண்டு பட்டுக் கைக்குட்டைகளையும் ரிப்பனையும் இணைத்து ஓர் உள்ளாடை செய்துகொண்டாள். 1914 நவம்பர் 3-ஆம் தேதி அதற்குக் காப்புரிமை கிடைத்தது. பிற்பாடு வார்னர் கம்பெனிக்கு அதை 1,500 டாலருக்கு விற்றுவிட்டாள். அந்த உள்ளாடை மார்பைத் தாங்கவில்லை, தட்டையாக அமுக்கியது. அதுவே அன்றைய நாகரிகம்!

1922-இல் அதே நகரில் ஈனிட் பிஸெட், ஐடா ரோஸந்தால் என்ற இருவர் நடத்திய உடைக்கடையில் வேறொன்று நடந்தது. மார்பை அமுக்கிக் கட்டியவர்களுக்குக் கவுன் அழகாக அமையவில்லை என்று கண்டு, அவர்கள் கவுனுக்குள்ளேயே இரண்டு கிண்ணங்களை வைத்துத் தைத்தார்கள். ஐடாவின் கணவர் வில்லியம் அந்த அமைப்பை மேலும் திருத்தினார். 1930-களில் கிண்ணங்களுக்கு ஏ, பி, சி, டி என்று எழுத்துக்கள் வந்து சேர்ந்தன. வியாபாரத்துக்கு அவை சௌகரியந்தான். ஆனால் கோடிக்கணக்கான பெண்கள் நான்கு எழுத்துக்குள் அடங்குவார்களோ?

அதனால்தான் தைக்கத் தெரிந்தவள் பாக்கியசாலி. அவள் மாதிரியைப் படியெடுத்து, மலிவான துணியில் முதலில் தைத்துப் பார்ப்பாள். கிண்ணத்தின் மேல்விளிம்பு தொய்ந்தால், தொய்ந்த அளவைக் கிள்ளிப் பிடித்து, அதே அளவைக் காகிதத்தில் மடிப்பாள். இறுக்கினால் காகிதத்தை வெட்டி விரித்து, இடைவெளியில் வேறு காகிதம் ஒட்டுவாள். முதுகுப் பட்டி மேலேறினால் அதைச் சற்றுக் குறைப்பாள். ஒரு துண்டைத் திருத்தியதும், அதனோடு சேரும் துண்டின் ஓரத்தையும் அளந்து சரிபார்க்க மறக்கமாட்டாள்.

கால் அங்குலத் திருத்தந்தான். ஆனால் நாள் முழுவதும் தோளில் பதியும் தழும்பு அதில் மறைந்துவிடலாம். காகிதத்தைத் திருத்த ஒரு கத்தரிக்கோல் போதும். அதை விட்டுவிட்டு உடம்பை நொந்துகொள்வானேன்?