எட்டாம் வகுப்பிலேயே திறக்கும் கதவு: திறமையான நம் பிள்ளைகளுக்கான தேர்வுகளும் உதவிகளும்

வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்று நீளும் வடசென்னையில் நம் சமுதாயக் குடும்பங்கள் பலவும் அன்றாட உழைப்பை நம்பி வாழ்பவை. எம்.சி. ரோடு ஜவுளிக்கடை, தையல் மெஷின், துறைமுக வேலை, லாரி, தள்ளுவண்டி வியாபாரம் என்று வருமானம் பல வழிகளில் வந்தாலும் மாதக் கடைசியில் எல்லா வீட்டிலும் ஒரே கணக்குதான். இந்த வீடுகளில் சூட்டிகையான பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஆனால் பிள்ளைக்குப் பதிமூன்று, பதினான்கு வயதாகும்போது, "இவன் கடையில் நின்றால் ஒரு ஆள் சம்பளம் மிச்சம்" என்ற எண்ணம் வந்துவிடுகிறது. மகளாக இருந்தால் "படித்தது போதும்" என்ற பேச்சு வருகிறது.

"பத்தாவது முடிக்கட்டும், மார்க்கைப் பார்த்து முடிவு செய்யலாம்" என்பது நம் பெற்றோர் பலரின் வழக்கம். திறமையான பிள்ளைகளுக்காக அரசு வைத்திருக்கும் வாய்ப்புகளில் முக்கியமானது எட்டாம் வகுப்பிலேயே வந்து போய்விடுகிறது. சில வாய்ப்புகளுக்கு ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளியில் சேர்த்தோம் என்பதே கணக்கு. அவை என்ன, யாருக்கு, எப்போது என்பதை இங்கே ஒரே இடத்தில் தொகுத்துத் தருகிறோம்.

திறமையை எப்படி அறிவது?

வகுப்பில் முதல் ரேங்க் எடுப்பவர் மட்டுமே திறமையான பிள்ளை என்று நினைப்பது தவறு. மனப்பாடம் செய்து எழுதும் பிள்ளை ஒரு வகை. கடையில் கால்குலேட்டர் இல்லாமல் கணக்குச் சொல்லும் பிள்ளை, "ஏன், எப்படி" என்று விடாமல் கேட்கும் பிள்ளை, ரிப்பேரான மின்விசிறியைத் தானே பிரித்துப் பார்க்கும் பிள்ளை இன்னொரு வகை. இந்த இரண்டாம் வகைப் பிள்ளைகள் பள்ளித் தேர்வில் நடுத்தர மதிப்பெண்ணோடு ஒதுங்கி நிற்பதும் உண்டு.

திறமையை வயது பார்க்காமல் அடையாளம் காண்பது நம் மார்க்கத்துக்குப் புதியதல்ல. ஸைத் இப்னு ஸாபித் (ரலி) சிறுவராக இருந்தபோதே அவர்களின் நினைவாற்றலை அறிந்த நபி (ஸல்) அவர்கள், யூதர்களின் எழுத்தைக் கற்கும்படி பணித்தார்கள். அரை மாதத்துக்குள் அவர்கள் அதைக் கற்றுத் தேர்ந்தார்கள் என்று திர்மிதியில் வருகிறது. உமர் (ரலி) அவர்கள் பத்ருப் போரில் கலந்துகொண்ட மூத்த தோழர்களின் சபையில் இளைஞரான இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களை அமர வைத்தார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை. இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களின் விளக்கத்தைக் கேட்ட பிறகே காரணம் அவர்களுக்குப் புரிந்தது. பிள்ளையின் அறிவு அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைக் கண்டுகொள்ளாமல் விடுவதற்கும் நாம் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

எட்டாம் வகுப்பு: என்.எம்.எம்.எஸ். தேர்வு

தேசிய வருவாய்வழி மற்றும் திறன் படிப்புதவித் தொகைத் திட்டம் என்பது இதன் முழுப்பெயர். என்.எம்.எம்.எஸ். என்றால் எல்லாப் பள்ளிகளிலும் தெரியும். மத்திய அரசு 2008இல் தொடங்கிய இத்திட்டத்தில் நாடு முழுவதும் ஆண்டுக்கு 1 லட்சம் மாணவர்களுக்கு உதவித்தொகை வழங்கப்படுகிறது. தமிழ்நாட்டுக்கு ஒதுக்கப்பட்டவை 6,695. தேர்வானவர்களுக்கு 9ஆம் வகுப்பு முதல் 12ஆம் வகுப்பு வரை மாதம் 1,000 ரூபாய், அதாவது ஆண்டுக்கு 12,000 ரூபாய் கிடைக்கும். நான்கு ஆண்டுக்கு 48,000 ரூபாய். கடைக்குப் போனால் பிள்ளை கொண்டுவரும் கூலியைவிட இது குறைவுதான். ஆனால் "படிப்பால் வீட்டுக்குச் செலவு மட்டுமே" என்ற பேச்சை நிறுத்த இது போதும்.

யார் எழுதலாம்? அரசு, மாநகராட்சி, அரசு உதவிபெறும் பள்ளிகளில் 8ஆம் வகுப்பு படிப்பவர்கள். 7ஆம் வகுப்பில் குறைந்தது 55 விழுக்காடு மதிப்பெண் வேண்டும். பெற்றோரின் ஆண்டு வருமானம் 3,50,000 ரூபாய்க்கு மிகக் கூடாது. தனியார் மெட்ரிக் பள்ளி, கேந்திரிய வித்யாலயா மாணவர்கள் எழுத முடியாது.

தேர்வு இரண்டு தாள். மனத்திறன் தாளில் 90 வினாக்கள், 90 நிமிடம். படிப்பறிவுத் தாளிலும் அதே கணக்கு: அறிவியல் 35, சமூக அறிவியல் 35, கணிதம் 20. எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படாது. ஆகவே ஒரு வினாவையும் விடாமல் எழுதச் சொல்ல வேண்டும். இரண்டு தாளும் சேர்த்து 40 விழுக்காடு எடுப்பது தகுதி. எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 32 விழுக்காடு. தகுதி பெற்றவர்கள் எல்லோருக்கும் உதவித்தொகை கிடைத்துவிடாது. மதிப்பெண் வரிசையும் மாநில இடஒதுக்கீடும் பார்த்தே பட்டியல் தயாராகிறது.

மனத்திறன் தாளில் எண் தொடர், எழுத்துக் குறியீடு, கண்ணாடிப் பிம்பம், உருவங்களின் வரிசை போன்றவை வரும். பாடப்புத்தகத்தில் இவை கிடையாது. பழைய வினாத்தாள்களை வைத்துக் கடிகாரம் பார்த்துப் பழகும் பிள்ளைக்கே கை ஓடும். நாம் மேலே சொன்ன இரண்டாம் வகைப் பிள்ளை மின்னும் இடமும் இதுதான்.

விண்ணப்பத்தைப் பள்ளித் தலைமை ஆசிரியர் வழியாகவே பதிய வேண்டும். விண்ணப்பத் தேதியையும் தேர்வுத் தேதியையும் அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும். தேர்வுக் கட்டணம் 50 ரூபாய். தேர்வான பிறகும் கவனம் வேண்டும். ஆண்டுதோறும் தேசிய உதவித்தொகை இணையதளத்தில் புதுப்பிக்க வேண்டும். 10ஆம் வகுப்பில் 60 விழுக்காடு எடுத்தால்தான் 11ஆம் வகுப்பில் தொகை தொடரும். எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கு 5 விழுக்காடு தளர்வு உண்டு.

தாள்களில் நாம் தவறவிடுவது

முதலாவது, பெயர். ஆதாரில் "முகமது", பள்ளியில் "முஹம்மத்", வங்கியில் "எம்.டி." என்று மூன்று விதமாக இருந்தால் பணம் வந்து சேராது. இனிஷியலும் பிறந்த தேதியும் அப்படியே. ஏழாம் வகுப்பிலேயே இவற்றை ஒன்றாக்கிவிட வேண்டும். வங்கிக் கணக்கு மாணவரின் பெயரில், ஆதாருடன் இணைந்ததாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, சாதிச் சான்றிதழ். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு உள்ளது. அதன் பட்டியலில் இருப்பவை அன்சார், தக்கனி முஸ்லிம், தூதேகுலா, லப்பை (ராவுத்தர், மரைக்காயர் உட்பட), மாப்பிள்ளை, ஷேக், சையது ஆகிய ஏழு பிரிவுகள். சான்றிதழில் வெறுமனே "முஸ்லிம்" அல்லது "இஸ்லாம்" என்று மட்டும் இருந்தால் இந்த ஒதுக்கீடு கிடைக்காது. வருமானச் சான்றிதழையும் இதையும் இ-சேவை மையத்தில் முன்கூட்டியே வாங்கி வைப்பது நல்லது. கடைசி வாரத்தில் ஓடினால் கைக்கு வராது.

இதில் ஓர் அவசரமும் உண்டு. சிறுபான்மை மாணவர்களுக்கு மத்திய அரசு வழங்கிவந்த பள்ளிப் படிப்பு உதவித்தொகை 2022-23 முதல் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை நிறுத்தப்பட்டுவிட்டது. 10ஆம் வகுப்பில் எழுதிவந்த தேசியத் திறனறித் தேர்வும் 2021க்குப் பிறகு நடைபெறவில்லை. கிராமப்புற மாணவர்களுக்கான ஊரகத் திறனாய்வுத் தேர்வு சென்னைப் பிள்ளைகளுக்குப் பொருந்தாது. வடசென்னைப் பிள்ளைக்கு மிஞ்சியிருக்கும் வழிகள் குறைவு என்பதால் இருப்பதைத் தவறவிடக் கூடாது.

மாதிரிப் பள்ளிகள்

பிற மாநிலங்களில் திறமையான கிராமப்புறப் பிள்ளைகளுக்கு நவோதயா உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. மொழிக் கொள்கையால் தமிழ்நாட்டில் அவை தொடங்கப்படவில்லை. மாநில அரசு தன் வழியில் மாதிரிப் பள்ளிகளைத் தொடங்கியது. 2022 செப்டம்பர் 5 அன்று 15 மாதிரிப் பள்ளிகளும் 26 தகைசால் பள்ளிகளும் தொடங்கி வைக்கப்பட்டன. அந்த விழா நடந்த இடம் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ள பாரதி மகளிர் கல்லூரி. பின்னர் மாதிரிப் பள்ளிகள் எல்லா மாவட்டங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டன.

அரசுப் பள்ளிகளில் நன்றாகப் படிக்கும் பிள்ளைகளைத் தெரிவு செய்து, 9 முதல் 12ஆம் வகுப்பு வரை விடுதியில் தங்கவைத்துப் படிக்கவைப்பது இவற்றின் முறை. ஐ.ஐ.டி., மருத்துவம், சட்டம், வடிவமைப்பு போன்ற உயர்கல்வி நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுகளுக்கும் அங்கே பயிற்சி தரப்படுகிறது.

விடுதி என்றவுடன் நம் வீடுகளில் தயக்கம் வருகிறது. தொழுகை, உணவு, பெண்பிள்ளையின் பாதுகாப்பு, ஹிஜாப் ஆகியவை நியாயமான கேள்விகள். கேட்காமலே மறுப்பதுதான் நியாயமல்ல. தந்தையும் தாயும் நேரில் போய் விடுதியைப் பார்த்து, பொறுப்பாளரிடம் இவற்றை ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். "வேண்டாம்" என்று முடிவெடுத்தாலும் அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்கும்.

நல்ல பிள்ளைகளை எடுத்துப் போய்விட்டால் மீதமிருக்கும் வகுப்பின் கதி என்ன என்று கேட்பவர்களும் உண்டு. அது சரியான கேள்வியே. சில நூறு பேரை உயர்த்துவது எல்லாப் பள்ளிகளையும் உயர்த்துவதற்கு ஈடாகாது. அந்தக் கோரிக்கையை வைப்பது நம் கடமை. அதற்காக இன்று கிடைக்கும் இடத்தை நம் பிள்ளை விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை.

மேல்நிலை வகுப்பில் இரண்டு தேர்வுகள்

முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வு 2023இல் 11ஆம் வகுப்பு அரசுப் பள்ளி மாணவர்களுக்காகத் தொடங்கியது. 500 மாணவர்கள், 500 மாணவியர் என 1,000 பேருக்கு இளநிலைப் பட்டம் முடியும்வரை ஆண்டுக்கு 10,000 ரூபாய். 9, 10ஆம் வகுப்புக் கணிதம், அறிவியல், சமூக அறிவியலில் இருந்து வினாக்கள் வரும். எந்த வகுப்பினர் எழுதலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தமிழ் மொழி இலக்கியத் திறனறிவுத் தேர்வு 2022இல் தொடங்கியது. 11ஆம் வகுப்பு மாணவர்களில் 1,500 பேருக்கு மாதம் 1,500 ரூபாய் வீதம் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படும். பாதி இடங்கள் அரசுப் பள்ளிகளுக்கு, மீதி மற்றப் பள்ளிகளுக்கு. தனியார் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளும் எழுதலாம். பத்தாம் வகுப்புத் தமிழ்ப் பாடமே அடிப்படை. உமறுப் புலவர் சீறாப்புராணம் பாடிய மொழி இது. நம் பிள்ளைகள் இத்தேர்வில் பின்தங்கக் காரணமே இல்லை.

எந்தப் பள்ளி என்ற கேள்வி

ஆங்கிலத்துக்காகக் கடன் வாங்கியாவது மெட்ரிக் பள்ளியில் சேர்க்கிறோம். அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதனால் எதை விடுகிறோம் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020இல் வந்த சட்டப்படி மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு இடங்கள் 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கே. 2021இல் இது பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், சட்டம் போன்ற படிப்புகளுக்கும் வந்தது. இந்த ஒதுக்கீட்டில் சேர்பவர்களின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கு இந்த 7.5 விழுக்காடு இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். கல்லூரி மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டமும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டமும் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உண்டு. உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களும் 2024-25 முதல் சேர்க்கப்பட்டுள்ளனர்.

சுருக்கமாக: மெட்ரிக் பள்ளி என்றால் மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை இல்லை. உதவிபெறும் பள்ளி என்றால் என்.எம்.எம்.எஸ். உண்டு, 7.5 விழுக்காடு இல்லை. அரசு, மாநகராட்சிப் பள்ளி என்றால் எல்லாம் உண்டு. அந்தப் பள்ளியில் ஆசிரியர்கள் போதுமான அளவில் இருக்கிறார்களா, ஒழுங்கு எப்படி, வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பவற்றையும் இதோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

மஹல்லா செய்யக்கூடியது

ஜமாஅத்துகள் இதற்குப் பெரிய நிதி திரட்ட வேண்டியதில்லை. நவம்பர் மாதத்தில் ஒரு ஜும்ஆவில் என்.எம்.எம்.எஸ். பற்றி இரண்டு நிமிடம் அறிவிக்கலாம். மஹல்லாவில் 7, 8ஆம் வகுப்பு படிக்கும் பிள்ளைகளின் பட்டியலைத் தயாரிக்கலாம். மாலை மக்தப் நேரம் பள்ளியின் பயிற்சி வகுப்போடு மோதினால், அந்த இரண்டு மாதங்களுக்கு மக்தப் நேரத்தை மாற்றித் தரலாம். ஓதுவதையோ படிப்பதையோ பிள்ளை கைவிட வேண்டிய நிலை வராமல் பார்ப்பது உஸ்தாத்மார்களாகிய நம் பொறுப்பு. மஃரிபுக்குப் பிறகு பள்ளிவாசல் மாடியில் ஒரு விளக்கு, சில பழைய வினாத்தாள்கள், கல்லூரியில் படிக்கும் ஓர் இளைஞர் இருந்தால் பயிற்சி தொடங்கிவிடும். சான்றிதழ், ஆதார் திருத்தத்துக்கு உதவ ஒருவரை நியமித்தால் இன்னும் நல்லது.

எழுதும் எல்லாப் பிள்ளைகளும் தேர்வாக மாட்டார்கள். தேர்வாகாத பிள்ளையை "இவ்வளவுதான் நீ" என்று சொல்லிக் கடைக்கு அனுப்பிவிடக் கூடாது. 180 வினாக்களில் அடங்காத திறமையையும் அல்லாஹ் கொடுத்திருக்கிறான். அந்தப் பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பு வரை பள்ளியில் இருப்பதே நம் முதல் வெற்றி.

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், இந்த வாரமே பள்ளிக்குப் போய் தலைமை ஆசிரியரிடம் என்.எம்.எம்.எஸ். விண்ணப்பம் எப்போது என்று கேளுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை அல்லாஹ் அதிகப்படுத்துவானாக. ஆமீன்.