உட்கருவை உதறும் முன்

நம் உடலில் நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்கள் பிறக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பின்னால் போவோம்.

எலும்பு மஜ்ஜையில் அது இன்னும் ஒரு குருத்தணுவின் வாரிசு. வெள்ளணுவாகவும் ஆகலாம், சிவப்பணுவாகவும் ஆகலாம். அப்போது அதன் டி.என்.ஏ. மேல் காட்டா-2 என்ற புரதம் அமர்ந்திருக்கிறது. பிறகு காட்டா-1 பெருகி வந்து, அதே இடங்கள் பலவற்றில் காட்டா-2ஐ எழுப்பிவிட்டுத் தான் உட்காருகிறது. ஜி, ஏ, டி, ஏ என்ற எழுத்துகள் வரிசையாக நிற்கும் இடத்தைத் தேடிப் பிடிப்பதால் வந்த பெயர் அது. எந்த மரபணு பேசலாம், எது வாய்மூட வேண்டும் என்று தீர்மானிக்கும் இத்தகைய புரதங்களைப் படியெடுப்புக் காரணிகள் என்கிறார்கள். 1991இல், காட்டா-1 முடக்கப்பட்ட செல்களை எலிக் கருவில் கலந்து பார்த்தார்கள். மற்றத் திசுக்களில் எல்லாம் அவை இடம்பிடித்தன. முதிர்ந்த சிவப்பணுவாக மட்டும் ஆகவே முடியவில்லை.

காட்டா-1 அடுத்து கே.எல்.எஃப்-1 என்ற இன்னொரு படியெடுப்புக் காரணியை எழுப்புகிறது. அது பெரியவர்களின் ஹீமோகுளோபினில் சேரும் பீட்டா குளோபினின் மரபணுவைத் திறந்துவிடுகிறது, கூடவே பி.சி.எல்-11ஏ என்ற காவலனையும் தூண்டுகிறது. தாய் வயிற்றில் நாம் பயன்படுத்திய கருக்கால ஹீமோகுளோபினின் கதவைச் சாத்துவது இந்தக் காவலன்தான்.

பிறகு வருவதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. அணு தன் உட்கருவையே வெளியே தள்ளிவிடுகிறது; பக்கத்தில் காத்திருக்கும் விழுங்கணு அதைத் தின்றுவிடுகிறது. இனிப் புதிய உத்தரவு கிடையாது. சேர்த்துவைத்த சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகளோடு 120 நாள் ஓட்டம்.

அதனால், பிழை இருந்தால் உட்கரு போகும் முன்பே திருத்தியாக வேண்டும். அரிவாள் சோகையில் பீட்டா குளோபின் மரபணுவில் ஓர் எழுத்து பிசகியிருக்கும். அணு வளைந்து ரத்தக் குழாயை அடைக்கும். 2023 நவம்பரில் பிரிட்டன் அனுமதித்த காஸ்ஜெவி சிகிச்சை அந்த எழுத்தைத் தொடுவதில்லை. பி.சி.எல்-11ஏ மரபணுவுக்குள் காட்டா-1 உட்காரும் ஓர் இருக்கையைக் குருத்தணுவிலேயே வெட்டிவிடுகிறது. காவலன் தளர, கருக்கால ஹீமோகுளோபின் திரும்பி வருகிறது.

அமெரிக்காவில் அதன் விலை 22 லட்சம் டாலர். நீலகிரிப் பழங்குடிகளிடம் இந்நோய் இருப்பது 1952லேயே பதிவாகிவிட்டது. அவர்கள் கைக்கு எட்டுவது ஹைட்ராக்ஸியூரியா மாத்திரை. அதுவும் கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டுவதுதான். மலையின் கடைசிக் குடியிருப்புவரை அது ஒரு நாளும் தடைப்படாமல் போய்ச்சேர வேண்டும்.