நத்தார் நாளும் குடும்ப ஏடும்



அரசர்க்கும் அமைச்சர்க்கும் வரலாற்று நூல்கள் உண்டு. சாதாரணக் குடியானவனுக்கு எஞ்சுவனவோ பெரும்பாலும் மூன்று தினங்களே: பிறந்த தினம், மணந்த தினம், இறந்த தினம். இங்கிலாந்திலே இத்தினங்களைப் பதிந்துவைப்பது 1538ஆம் ஆண்டிற் கட்டளையாயிற்று. எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சராகிய தோமஸ் குறொம்வெல், ஒவ்வொரு பங்கிலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஓர் ஏட்டில் எழுதிவரவேண்டும் எனப் பணித்தார். அந்த ஏடுகள் பல இன்றும் உள்ளன. தம் முன்னோரைத் தேடுவோர் அவற்றைப் புரட்டும்போது, டிசெம்பர் 25 என்ற தினமும் அதனை ஒட்டிய சில நாட்களும் திரும்பத் திரும்ப எதிர்ப்படுவதைக் காண்பர். “எங்கள் பாட்டனார் நத்தார் நாளிலே மணமுடித்தார்” என்று பெருமையோடு குறித்துக்கொள்வர். அங்ஙனம் குறித்துக்கொள்ளுமுன் அந்தத் தினத்தைச் சற்று விசாரித்துப் பார்க்க வேண்டும். விசாரியாது விட்டால், குற்றமற்ற ஒரு பெண்ணின் பெயர்மீது மாசு படவும் கூடும்.

எல்லாரும் அறிந்த ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். லிங்கன்ஷயரில் வூல்ஸ்தோர்ப் என்னும் சிற்றூரில், 1642ஆம் ஆண்டு டிசெம்பர் 25ஆம் நாள் விடியுமுன்னர் ஓர் ஆண் மகவு பிறந்தது. மிகச் சிறிய குழந்தை. ஒரு சிறு குவளைக்குள் அடங்கக்கூடியதாக இருந்ததென்று பிற்காலத்தில் அவரே கூறியதாகச் சொல்வர். அவர்தாம் ஐசாக் நியூற்றன். தந்தையார் பெயரும் ஐசாக் நியூற்றனே. சொந்த நிலமுடைய கமக்காரர். தம் பெயரைக் கையெழுத்திட அறியாதவர். அவர் 1642 ஏப்ரில் மாதத்தில் ஹன்னா என்னும் பெண்ணை மணந்தார். அதே ஆண்டு ஒக்டோபரில் இறந்தார். குழந்தை தந்தையின் முகத்தைக் கண்டதில்லை. பிறந்து எட்டாம் நாள், ஜனவரி முதலாந் திகதி, அயலூராகிய கோல்ஸ்ரர்வேர்த் தேவாலயத்தில் ஞானஸ்நானம் நிகழ்ந்தது.

இதிலே சிக்கல் எங்கே உளது என்று கேட்கலாம். அக்கால இங்கிலாந்தில் சட்டப்படியான ஆண்டு ஜனவரி முதலாந் திகதி தொடங்கவில்லை. தேவதூதன் மரியாளுக்கு மங்களச் செய்தி கூறிய திருநாளாகிய மார்ச் 25ஆம் நாளிலேதான் புத்தாண்டு பிறந்தது. ஆகவே 1642 டிசெம்பர் 31க்கு அடுத்த நாள் 1642 ஜனவரி 1 ஆகும்! இம் முறையை அறியாத ஒருவர் அக்காலக் கணக்கை அப்படியே படித்தால் என்ன ஆகும்? பெற்றோர் விவாகம் 1642 ஏப்ரிலில். பிள்ளையின் ஞானஸ்நானம் 1642 ஜனவரியில். விவாகத்துக்கு மூன்று மாதம் முந்தியே பிள்ளை பிறந்துவிட்டது என்று முடிவு கட்டிவிடுவார். ஏப்ரிலில் மணமாகி, ஒக்டோபரில் விதவையாகி, நத்தார் நாளிலே தனித்துப் பிள்ளை பெற்ற அந்த இளம்பெண்ணுக்கு இதனினும் பெரிய அநீதி உண்டோ?

இன்னொரு சிக்கலும் உண்டு. பாப்பரசர் பதின்மூன்றாம் கிரகோரி 1582இல் திருத்திய பஞ்சாங்கத்தைப் புரட்டஸ்தாந்த இங்கிலாந்து அப்போது ஏற்கவில்லை. ஐரோப்பாவின் கத்தோலிக்க நாடுகளைவிட அது பத்து நாள் பின்தங்கியிருந்தது. வூல்ஸ்தோர்ப்பில் நத்தார் மணி ஒலித்த அதே காலையில், பாரிஸ் நகரில் 1643 ஜனவரி 4 ஆகிவிட்டது. கலிலியோ இறந்த ஆண்டிலேயே நியூற்றன் பிறந்தார் என்று நம்முள் எத்தனை பேர் பள்ளியிலே படித்தோம்! கலிலியோ இறந்தது புதிய கணக்கின்படி 1642 ஜனவரி 8. நியூற்றன் பிறந்தது புதிய கணக்கின்படி 1643. பழைய ஆங்கிலக் கணக்கையே இருவர்க்கும் வைத்தால், கலிலியோ 1641 டிசெம்பரிலேயே இறந்தவராகிறார். ஒருவர்க்கு ஒரு பஞ்சாங்கமும் மற்றவர்க்கு வேறொரு பஞ்சாங்கமும் வைத்தாலன்றி அந்த அழகிய பொருத்தம் நிற்காது. கதை அழகாயிருப்பதாற்போலும் அதனை விட மனம் வருவதில்லை.

இத்தகைய சிக்கல் நமது நாட்டோடு தொடர்புற்ற ஒரு குடும்பத்தின் கதையிலும் உளது. றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமியை நேயர்கள் அறிவீர்கள். புயலிற் பாய்மரம் இழந்த தம் தந்தையாரின் கப்பலோடு கொட்டியாரக் குடாவுக்கு வந்து, கண்டி மன்னன் இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிபட்டவர். பிடிபட்டது 1660 ஏப்ரில் 4 என்கிறார். உடன் சிறைப்பட்ட தந்தையார் காய்ச்சலால் இறந்தது 1660 பெப்ரவரி 9 என்கிறார். பிடிபடுமுன்னரே இறந்தவரைச் சிறையிலே எப்படிப் பராமரித்தார்? நொக்ஸ் பொய் கூறவில்லை. அவர் பெப்ரவரி என்று சொல்வது பிடிபட்டதற்குப் பத்து மாதம் பிந்தியது. நாம் 1661 என்று எழுதவேண்டியது. மலைநாட்டின் ஓரத்துக் கிராமமொன்றிலே, தாமும் நோயுற்றிருந்த நிலையில், அவர் தந்தையை அடக்கஞ் செய்தார். அந்த அடக்கத்தை எந்தப் பங்கு ஏடும் பதியவில்லை. 1681இல் இலண்டனில் வெளிவந்த அவரது நூலே அக்குடும்பத்தின் ஏடு.

அவர் தப்பியோடி அரிப்புக் கோட்டையை அடைந்த தினத்தை 1679 ஒக்டோபர் 18, சனிக்கிழமை என எழுதினார். கோட்டையிலிருந்த ஒல்லாந்தர்க்கு அன்று ஒக்டோபர் 28. ஒல்லாந்து மாகாணமும் போர்த்துக்கல் நாடும் முன்னரே புதிய பஞ்சாங்கத்தைத் தழுவியவை. ஆதலால் இலங்கையில் அவர்கள் எழுதிய பதிவுகளில் இந்தப் பத்து நாட் திருத்தம் வேண்டியதில்லை. ஆனால் கிழமை இருவர்க்கும் சனிதான். பஞ்சாங்கம் மாறினாலும் கிழமை மாறுவதில்லை. பழைய தினமொன்றைச் சோதிப்பதற்கு இதுபோன்ற உரைகல் வேறில்லை. நியூற்றன் பிறந்த நத்தார் நாளும், பழைய கணக்கிலும் புதிய கணக்கிலும் ஞாயிற்றுக்கிழமையே.

இங்கிலாந்து பஞ்சாங்கத்தைத் திருத்தியது 1752இல். செப்டெம்பர் 2க்கு அடுத்த நாள் செப்டெம்பர் 14 ஆயிற்று. அதற்குள் வேறுபாடு பதினொரு நாளாகிவிட்டது. சட்டம் மாறினாலும் நாட்டுப்புறத்தார் மனம் மாறவில்லை. பக்கிங்காம்ஷயரில் குவெயின்ரன் என்னும் ஊரிலே, நத்தார் இரவிற் பூக்கும் என்று நம்பப்பட்ட ஒரு முட்செடி இருந்தது. புதிய கணக்கின் நத்தார் இரவில் மக்கள் விளக்கேந்தித் திரண்டு சென்று பார்த்தார்கள். செடி பூக்கவில்லை. செடிக்குத் தெரிந்தது பாராளுமன்றத்துக்குத் தெரியவில்லை என்று தீர்மானித்துப் பழைய நத்தாரையே கொண்டாடினார்கள்! அது புதிய கணக்கில் ஜனவரி 5 ஆகும். எனவே, “நத்தார் நாளிலே பிறந்தவள்” என்று வாய்வழி வந்த ஒரு மூதாட்டியின் ஞானஸ்நானம் ஜனவரி முதல் வாரத்திற் காணப்பட்டால், குடும்பக் கதையைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது.

இவற்றுக்கு முந்திய நூற்றாண்டில், 1647இல், நத்தார் கொண்டாட்டத்தையே பாராளுமன்றம் ஒழித்தது. 1653இல் விவாகம் செய்துவைக்கும் உரிமை குருமாரிடமிருந்து நீதிவான்களிடம் போயிற்று. அக்காலத்து ஏடுகளிற் பல குறையுடையன. பல குடும்பங்களின் வரலாறு அந்த இடத்தில் அறுந்து, 1660க்குப் பின்னரே மீண்டும் தொடங்குகிறது.

இனி விவாகத்துக்கு வருவோம். பண்டைத் திருச்சபை நத்தாருக்கு முந்திய திருவருகைக் காலத்தில் விவாகத்தைத் தடுத்திருந்தது. அறுவடை முடிந்த ஒக்டோபர், நவெம்பர் மாதங்களே நாட்டுப்புறத்தின் விவாக காலம். ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில், மஞ்செஸ்ரர், லீட்ஸ், கிழக்கு இலண்டன் முதலிய தொழிலாளர் நிறைந்த இடங்களின் ஏடுகளைத் திறந்தால், டிசெம்பர் 25இல் ஒரே தேவாலயத்திலே அடுத்தடுத்துப் பல விவாகங்கள் பதியப்பட்டிருப்பதைக் காணலாம். இதனைப் பக்தியென்று கொள்வாருமுளர், காதற்சிறப்பென்று கொள்வாருமுளர். என் எண்ணத்தில், காரணத்தைக் கூலியிலே தேடவேண்டும்.

அக்காலச் சட்டப்படி விவாகம் காலை எட்டு மணிக்கும் நண்பகலுக்கும் இடையிலேதான் நடைபெறலாம். 1886இலேதான் பிற்பகல் மூன்று மணிவரை நீட்டப்பட்டது. வேலை நாளிலே மணமுடிப்பவன் அரைநாட் கூலியையேனும் இழப்பான்; மணமகளும் ஆலைத் தொழிலாளியாயின் இருவர் கூலியும் போகும். ஞாயிற்றுக்கிழமை உண்டு, அன்று மணந்தவர் பலர். ஆயின் மறுநாள் விடியுமுன்னரே ஆலைச் சங்கு அழைக்கும். ஆண்டிலே ஞாயிறல்லாத முழு ஓய்வு நாட்கள் மிகச் சில. 1833ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஆலைகளில் வேலைசெய்த சிறுவர்க்கும் இளைஞர்க்கும் உறுதிசெய்த முழு விடுமுறைகள் இரண்டே: நத்தாரும் பெரிய வெள்ளியும். பெரிய வெள்ளி துக்கநாள், தபசுகாலத்தின் முடிவு. அன்று மணவிழா எடுக்க எவர்க்கும் மனம் வராது. எஞ்சியது நத்தார் ஒன்றே. தூரத்துச் சகோதரனும் அன்று வீடு வந்திருப்பான். பண்டிகைக்கென்று சமைத்த உணவே மணவிருந்தும் ஆகிவிடும். ஏழைக்கு இரு செலவு ஒரு செலவாயிற்று.

மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசித்தாக வேண்டுமாதலால், அத்தகைய தம்பதிகள் டிசெம்பர் தொடக்கத்திலேனும் குருவானவரிடம் பெயர் கொடுத்திருப்பர். நெருக்கடி மிகுந்த நகரக் கோவில்களிற் பல சோடிகளை வரிசையாக நிறுத்தி, பொதுவான ஜெபங்களை ஒருமுறை சொல்லி, கைகோர்க்கும் பகுதியை மட்டும் ஒவ்வொருவர்க்கும் தனித்தனியே நடத்துவதுண்டு. மஞ்செஸ்ரரில் யோசுவா புறூக்ஸ் என்னும் குருவானவர் இவ்வாறு பண்டிகை நாட்களில் மணமுடித்து வைக்கையில், சோடிகள் மாறி நின்றுவிட, “வெளியே போகும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்” என்றாராம். கதை எவ்வளவு உண்மையோ, நெரிசல் உண்மை.

அந்தப் பக்கங்களிலே பெயர்களுக்கு எதிரே சிலுவைக் குறிகள் நிறைந்திருக்கும். 1754இல் நடைமுறைக்கு வந்த சட்டத்தின்படி மணமக்களும் இரு சாட்சிகளும் கையொப்பமிடவேண்டும். எழுதத் தெரியாதார் குறியிடுவர். 1837 ஜூலையில் அரசாங்கப் பதிவு தொடங்கிய காலத்துக் கணக்கின்படி, இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மணமக்களுள் ஏறக்குறைய ஆடவரில் மூவர்க்கு ஒருவரும், பெண்டிரில் இருவர்க்கு ஒருவரும் குறியிட்டவர்களே. நத்தார் நாட் பக்கமொன்றில் முதற் தம்பதிக்குச் சாட்சியாய் நின்றவர் அடுத்த பதிவிலே தாமே மணமகனாக நிற்பதுண்டு. அவ்விருவரும் ஒரே ஆலையிலோ ஒரே தெருவிலோ இருந்த தோழராதல் கூடும். தேடுபவர் தம் முன்னோரின் பதிவோடு நின்றுவிடாது அந்தப் பக்கம் முழுவதையும் படிக்க வேண்டும் என்பது இதனால் விளங்கும்.

ஞானஸ்நானத்திலும் இதே நிலை. ஒரே நத்தார் நாளில் ஒரே வீட்டுப் பிள்ளைகள் மூவர் நால்வர் ஞானஸ்நானம் பெற்றதாகக் கண்டால், அவர்கள் ஒரே சூலிற் பிறந்தவர்களென்று எண்ணற்க. ஓய்வு கிடைத்த நாளிலே தாய் எல்லாரையும் கூட்டிச்சென்றிருப்பாள். உண்மையில் நத்தார் நாளிற் பிறந்த பிள்ளையைப் பெயரே காட்டிக்கொடுத்தலும் உண்டு. 1766 டிசெம்பர் 25இல் வேல்ஸ் நாட்டில் ஒரு சப்பாத்துத் தொழிலாளியின் வீட்டிற் பிறந்த பிள்ளைக்கு ‘கிறிஸ்மஸ்’ என்றே பெயரிட்டனர். ஒரு கண்ணை இழந்தவராயினும் தம் நாவன்மையால் வேல்ஸ் முழுவதும் புகழ்பெற்ற போதகர் கிறிஸ்மஸ் எவான்ஸ் அவரே.

1871ஆம் ஆண்டு வங்கி விடுமுறைச் சட்டம் நத்தாருக்கு மறுநாளையும் விடுமுறையாக்கியது. அதன்பின் டிசெம்பர் 26இல் மணந்தோரும் ஏடுகளிற் பெருகினர். சனிக்கிழமை அரைநாள் ஓய்வும், 1938ஆம் ஆண்டுச் சட்டத்தை அடுத்துச் சம்பளத்தோடு கூடிய விடுமுறையும் பரவியபோது, தொழிலாளிக்கு மணநாளாக வேறு நாட்களும் கிடைத்தன. நத்தார் விவாகங்கள் அருகின. இப்போது அந்நாளில் இங்கிலாந்தின் பதிவாளர் அலுவலகங்கள் மூடியிருக்கும்.