காஞ்சிப் பட்டின் வடிவமும் அதன் உரிமையும்: அடை முதல் கணினிக் கோப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் பெயருக்குப் புவிசார் குறியீட்டுச் சட்டம் பாதுகாப்பு அளித்துள்ளது. சேலையில் இடம்பெறும் வடிவத்தின் உரிமை யாருக்குரியது என்னும் வினாவிற்கு அச்சட்டத்தில் விடை இல்லை. வடிவம் தறியிலிருந்து பிரிந்து மாதிரித் தொகுதியாகவும், துளையட்டையாகவும், கணினிக் கோப்பாகவும் மாறிய வரலாற்றைத் தொகுத்து நோக்கி, ஒவ்வொரு கட்டத்திலும் உரிமை நெசவாளரிடமிருந்து விலகிச் சென்றதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது. நடைமுறையிலுள்ள பதிப்புரிமை, வடிவமைப்புச் சட்டங்கள் கைத்தறி நெசவாளரின் உழைப்பைக் கணக்கில் கொள்ளவில்லை என்பதும், தனியுரிமையைக் கடுமையாக்குவது அதற்குத் தீர்வாகாது என்பதும் இக்கட்டுரையின் முடிவுகளாகும்.

முக்கியச் சொற்கள்: காஞ்சிபுரம் பட்டு, அடை, ஜக்கார்டு, புவிசார் குறியீடு, பதிப்புரிமை, வடிவமைப்புச் சட்டம்

முன்னுரை

காஞ்சிபுரத்தில் நெசவும் கோயிலும் ஒன்றையொன்று சார்ந்து வளர்ந்தவை. உத்தம சோழனின் பதினாறாம் ஆட்சியாண்டைச் சார்ந்த சென்னை அருங்காட்சியகச் செப்பேடுகள், கச்சிப்பேட்டில் வாழ்ந்த பட்டசாலியர் என்னும் நெசவாளர்க்கு ஊரகத்துத் திருமால் கோயிலின் நிதி நிருவாகத்தில் பொறுப்பு அளிக்கப்பட்டதைக் கூறுகின்றன. பத்தாம் நூற்றாண்டில் கோயிலின் கணக்கையே நம்பி ஒப்படைக்கத்தக்க நிலையில் இருந்த ஒரு தொழிற்குழு, இன்று தான் நெய்த சேலையின் வடிவத்தின் மீது உரிமை கோர இயலாத நிலையில் உள்ளது. இம்மாற்றத்தை வறுமை, இடைத்தரகு, விசைத்தறிப் போட்டி ஆகியவற்றைக் கொண்டு விளக்குவதே வழக்கம். அவை உண்மையான காரணங்களே எனினும், அவற்றோடு வைத்து எண்ணத்தக்க மற்றொரு காரணம் உண்டு. வடிவத்தைச் சேமித்து வைக்கும் தொழில்நுட்பம் மாறுந்தோறும் வடிவத்தின் உரிமையும் இடம் மாறியுள்ளது.

தறிக்குள் இருந்த வடிவம்

காஞ்சிபுரத்தின் மரபுவழி நெசவில் வடிவத்தைத் தறியில் தாங்கி நின்றது அடை எனப்படும் நூற்கட்டமைப்பாகும். வடிவத்திற்கு வேண்டிய பாவிழைகளை உரிய வரிசையில் தேர்ந்து உயர்த்தும் வகையில் நூல்களைக் கட்டி வைப்பதே அடை கட்டுதல். மயில்கண், குயில்கண், ருத்ராட்சம், மல்லிமொக்கு, வைரஊசி, தாழம்பூ, யாளி, அன்னம் முதலிய வடிவங்கள் இவ்வாறு தறியிலேயே தங்கியிருந்தன. ஒரு வடிவத்தை வேறொரு தறிக்குக் கொண்டு செல்ல வேண்டுமாயின் அதனை அறிந்த ஒருவர் அங்குச் சென்று மீண்டும் கட்ட வேண்டும். ஆகவே வடிவத்தை நகலெடுப்பது என்பது அறிவைக் கற்றுக்கொள்வதாகவே இருந்தது. கற்றவர் உறவினராகவோ தெருவினராகவோ அமைந்தமையால், எழுதப்பட்ட சட்டம் இல்லாமலேயே நகலெடுப்பிற்கு ஓர் எல்லை இருந்தது.

உடலையும் கரையையும் தனித்தனி ஊடையால் நெய்து பிணைக்கும் கோர்வை முறையும், உடலின் பாவோடு முந்தியின் பாவை இழை இழையாக இணைக்கும் பெட்னி முறையும் இத்தகையனவே. கோர்வைக்கு நெசவாளருடன் உதவியாளர் ஒருவரும் அமர்ந்து நாடாவைச் செலுத்த வேண்டும். விசைத்தறியில் இம்முறையைச் செய்தல் கடினம். வடிவத்தைப் படமாக்கி எளிதில் எடுத்துச் செல்லலாம். கோர்வையை அவ்வாறு எடுத்துச் செல்ல இயலாது. இவ்வேறுபாடு பின்னர் ஆராயப்படும் சட்டச் சிக்கலுக்கு அடிப்படையாகும்.

மாதிரித் தொகுதிகள்: முதல் பிரிவு

ஐரோப்பாவில் துணி வடிவத்திற்கான சட்டப் பாதுகாப்புத் தோன்றிய சூழல் இந்தியத் துணியோடு நெருங்கிய தொடர்புடையது. சோழமண்டலக் கரையிலிருந்து சென்ற வண்ணத் துணிகள் அங்குப் பெரும் வரவேற்பைப் பெற்றமையால், 1686இல் பிரான்சும் 1700, 1721ஆம் ஆண்டுகளில் இங்கிலாந்தும் தடைச் சட்டங்களை இயற்றின. இந்திய வண்ணத் துணிகளைப் பின்பற்றி வளர்ந்த ஆங்கிலேய அச்சுத் துணித் தொழிலினர், தங்கள் வடிவங்களைப் பிறர் நகலெடுப்பதாக முறையிட்டு 1787இல் ஒரு சட்டத்தைப் பெற்றனர். புதிய வடிவத்தை அச்சிட்டவருக்கு இரண்டு மாதங்கள் தனியுரிமை வழங்கிய அச்சட்டமே இங்கிலாந்தின் வடிவமைப்புச் சட்டங்களுக்கு முன்னோடி. நகலாகத் தோன்றிய தொழில், வேரூன்றியபின் நகலெடுப்பிற்கு எதிரான சட்டத்தைக் கேட்டுப் பெற்றது என்பது இதனால் விளங்கும்.

அடுத்த நூற்றாண்டில் இப்போக்கு மேலும் வெளிப்படையாயிற்று. இந்திய அலுவலகத்தில் இந்திய விளைபொருள் பற்றிய அலுவலராக இருந்த ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன், 1866இல் இந்தியத் துணி மாதிரிகளைப் பதினெட்டுத் தொகுதிகளாக வெளியிட்டார். அவற்றில் 700 துணித் துண்டுகள் ஒட்டப்பட்டிருந்தன. இருபது படிகள் உருவாக்கப்பட்டு, பதின்மூன்று பிரிட்டனுக்கும் ஏழு இந்தியாவிற்கும் ஒதுக்கப்பட்டன. இந்தியர் விரும்பும் துணியை பிரிட்டிஷ் ஆலையினர் அறிந்து உற்பத்தி செய்வதற்கு உதவுவதே அத்தொகுதிகளின் நோக்கம். நீளம், அகலம், எடை, கிடைத்த ஊர் ஆகிய குறிப்புகள் துணித் துண்டுகளுடன் தரப்பட்டன. துணியை நெய்தவரின் பெயருக்கு அத்திட்டத்தில் இடம் இல்லை.

ஆறாண்டுகள் கழித்து, 1872இல், வடிவங்களுக்கான பாதுகாப்புச் சட்டம் இந்தியாவில் இயற்றப்பட்டது. புதிய வடிவத்திற்கே பாதுகாப்பு என்னும் அதன் அடிப்படை இன்றுவரை தொடர்கிறது. வழிவழியாக வந்த வடிவங்கள் ‘புதியவை’ அல்ல என்பதனால் அவை பொதுச்சொத்து ஆயின. பொதுச்சொத்து என்பதன் நடைமுறைப் பொருள், ஆலை முதலீடு உடையவர் அதனைத் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்பதேயாகும்.

அட்டையும் கோப்பும்: இரண்டாம் பிரிவு

1804இல் லியோன் நகரில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி, வடிவத்தைத் துளையட்டை வரிசையாக மாற்றியது. துளை உள்ள இடத்தில் இழை உயரும். இல்லாத இடத்தில் உயராது. 1839இல் ஜக்கார்டின் உருவமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அப்படத்தை வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தம் கணிப்பொறித் திட்டத்தில் துளையட்டையை மேற்கொண்டார். கணினி நெசவிலிருந்து கடன் பெற்றது என்னும் கூற்று இந்த அளவில் வரலாற்று உண்மையாகும்.

இருபதாம் நூற்றாண்டில் காஞ்சிபுரத் தறிகளில் ஜக்கார்டு பொறி அமர்ந்தபோது அடையின் இடம் சுருங்கியது. வடிவத்தை வரைபவர், வரைபடத்தாளில் கட்டமிடுபவர், அட்டை அடிப்பவர், நெய்பவர் என வேலை பிரிந்தது. அட்டைக்கட்டு தறியிலிருந்து கழற்றி எடுத்துச் செல்லத்தக்க பொருள். அதற்குச் செலவிட்டவரே அதன் உடைமையாளர். கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் தறி நெசவாளருடையதாகவும், பாவும் சரிகையும் அட்டையும் முதலாளியுடையனவாகவும் அமையும் வழக்கம் வடிவத்தின் உரிமையையும் முதலாளியிடம் சேர்த்தது. கூட்டுறவுச் சங்கங்கள் இந்நிலையை ஓரளவு மாற்றின. ஆயினும் அங்கும் வடிவம் சங்கத்தின் உடைமையாகக் கருதப்பட்டதேயன்றி நெசவாளருடையதாக அன்று.

1983இல் மிலான் கண்காட்சியில் போனாஸ் நிறுவனம் மின்னணு ஜக்கார்டு பொறியை அறிமுகப்படுத்தியபின் அட்டையும் தேவையற்றதாயிற்று. வடிவம் கணினிக் கோப்பாயிற்று. வாட்சனின் தொகுதிக்குப் பதினெட்டு நூல்கள் வேண்டியிருந்தன; இன்று ஆயிரக்கணக்கான வடிவங்கள் கட்டைவிரல் அளவுக் கருவியில் அடங்குகின்றன. கடையின் விளம்பரத்திற்காக எடுக்கப்படும் சேலைப் படமே நகலுக்கான மூலமாகிறது. படத்திலிருந்து கோப்பும், கோப்பிலிருந்து விசைத்தறித் துணியும் உருவாக, நெசவாளரின் தெருவிற்கு எவரும் வரவேண்டிய தேவை இல்லை.

சட்டங்களின் எல்லை

இந்நிலையை எதிர்கொள்ள மூன்று வகைச் சட்டங்கள் உள்ளன. முதலாவது, 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். சேலை உள்ளிட்ட குறிப்பிட்ட வகைகளைக் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கிய இச்சட்டத்தை உச்ச நீதிமன்றம் 1993இல் உறுதிசெய்தது. தொடக்கத்தில் 22ஆக இருந்த வகைகள் 1996இல் 11ஆகக் குறைக்கப்பட்டன. இச்சட்டம் எந்தக் கருவியால் நெய்வது என்பதை வரையறுக்கிறது. எவருடைய வடிவம் என்பதை வினவுவதில்லை. ஒரு கைத்தறி வடிவத்தை மற்றொரு கைத்தறியில் நகலெடுத்தால் இச்சட்டத்தில் குற்றம் இல்லை.

இரண்டாவது, 1999இல் இயற்றப்பட்டு 2003இல் நடைமுறைக்கு வந்த புவிசார் குறியீட்டுச் சட்டம். காஞ்சிபுரம் பட்டு 2005இல் இச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெற்றது. இது தனியொருவருக்குக் கைமாற்ற இயலாத கூட்டுரிமை என்பது இதன் சிறப்பு. ஆயினும் பாதுகாக்கப்படுவது ஊர்ப்பெயரேயாகும். காஞ்சிபுரம் என்னும் பெயரைச் சுட்டாமல் அதே கரையையும் முந்தியையும் வேறிடத்தில் நெய்து விற்றால் இச்சட்டம் பெரிதும் உதவாது. மேலும், ஊரில் பிறந்து ஊரிலேயே நெய்வதனால் மட்டும் ஒருவர் அங்கீகரிக்கப்பட்ட பயனராகிவிடுவதில்லை. அதற்கெனத் தனியே பதிவு செய்தல் வேண்டும்.

மூன்றாவது, 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டமும் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டமும். வடிவமைப்பைப் பதிவு செய்தால் பத்தாண்டுகளும், நீட்டித்தால் மேலும் ஐந்தாண்டுகளும் பாதுகாப்பு உண்டு. பதிவு செய்யத்தக்க வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, அதனைத் தாங்கிய பொருள் தொழில்முறையில் ஐம்பது முறைக்கு மேல் படியெடுக்கப்பட்டால், பதிப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி அவ்வடிவத்தின் பதிப்புரிமை அற்றுப்போகும். வடிவமைப்புச் சட்டம் தொழில்முறை என்பதனுள் கையால் செய்வதையும் அடக்குகிறது. ஆகவே கைத்தறியாளர் இவ்விதியிலிருந்து எளிதில் விலகிவிட இயலாது.

இவ்விதியின் விளைவு நோக்கத்தக்கது. 2008இல் டெல்லி உயர் நீதிமன்றம், ராஜேஷ் மஸ்ரானி எதிர் தஹிலியானி டிசைன் வழக்கில், ஆடை வடிவமைப்பாளரின் வரைவுகளுக்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு எனக் கொண்டது. ஆடைகள் ஐம்பதிற்கும் குறைவாகவே உருவாக்கப்பட்டன என்பது அங்கு முக்கியக் கூறாயிற்று. மாறாக, 2009இல் மைக்ரோஃபைப்ரஸ் வழக்கில், மெத்தைத் துணியின் வடிவம் வடிவமைப்புச் சட்டத்திற்கே உரியது என அந்நீதிமன்றம் தீர்மானித்தது. சில படிகள் மட்டும் செய்து உயர்விலையில் விற்பவர் பாதுகாப்புப் பெறுகிறார். தம் வடிவத்தை ஊர் முழுதும் விரும்பி நெய்யச் செய்த நெசவாளர், அவ்வெற்றியினாலேயே பாதுகாப்பை இழக்கிறார்.

படைப்பாளர் யார்

சட்டத்தின் இடைவெளிக்கு அடியில் கருத்தியல் சிக்கல் ஒன்று உள்ளது. பதிப்புரிமை வரைந்தவரைப் படைப்பாளராகக் கொள்கிறது. நெய்தவரைக் கருவியாகக் கொள்கிறது. 2008இல் உலகின் விலையுயர்ந்த சேலையாகக் கின்னஸ் பதிவில் இடம்பெற்ற பட்டுச் சேலை, இராஜா ரவிவர்மாவின் பதினோர் ஓவியங்களைத் தாங்கியது. 1906இல் மறைந்த ஓவியரின் படைப்புகளுக்கு உரிமைக்காலம் முடிந்துவிட்டமையால் அவற்றை எவரும் எடுத்தாளலாம். பொதுமக்கள் நினைவில் அச்சேலையோடு நிற்பவை ஓவியரின் பெயரும் கடையின் பெயருமே. ஓவியத்தின் நிழலையும் தோல்நிறத்தையும் இழையாக மாற்றியவர்களின் திறன் சட்டத்தின் பார்வையில் படைப்பு அன்று.

இதற்கு மாறான நிலை அதே சட்டத்தில் உள்ளது. 1994ஆம் ஆண்டுத் திருத்தம் நிகழ்த்துநர் உரிமையை ஏற்றது. பிறர் இயற்றிய பாடலைப் பாடுபவருக்கும், கழைக்கூத்தாடிக்கும், பாம்பாட்டிக்கும், விரிவுரை நிகழ்த்துபவருக்குங்கூட நிகழ்த்துநர் என்னும் தகுதி உண்டு. 2012ஆம் ஆண்டுத் திருத்தம், தம் பெயரால் அறியப்படும் உரிமையையும் அவர்களுக்கு வழங்கியது. கட்டத்தாளை நோக்கி இழையின் இறுக்கத்தையும் சரிகையின் ஓட்டத்தையும் தீர்மானிக்கும் நெசவாளரின் செயல், பாடலுக்கு உருக்கொடுக்கும் பாடகரின் செயலினின்று தன்மையில் பெரிதும் வேறுபட்டதன்று. பாம்பாட்டிக்கு அளித்த ஏற்பினை நெசவாளருக்கு மறுப்பதற்குத் தக்க காரணம் காண்பது அரிது.

எனினும் தனியுரிமையைக் கடுமையாக்குவதே தீர்வு என்று கொள்ளுதல் பொருந்தாது. காஞ்சியின் வடிவங்கள் கோயில் தூணிலிருந்து சேலைக்கும், ஒரு தெருவிலிருந்து மற்றொரு தெருவிற்கும் தடையின்றிச் சென்றமையாலேயே வளர்ந்தன. பதிவுக் கட்டணமும் வழக்குச் செலவும் ஏற்க வல்லவர் பெருங்கடையினரேயன்றிக் கூலி நெசவாளர் அல்லர். யாளியையும் மயில்கண்ணையும் சிறு மாற்றத்தோடு பதிவு செய்து, அவற்றை நெய்துவந்தவரையே தடுக்கும் நிலை உருவாகவும் கூடும். மரபு மருத்துவ அறிவிற்கு 2001இல் தொடங்கப்பட்ட மின்னணு நூலகம் போன்றதொரு வடிவத் தொகுப்பு இத்தகைய முறையற்ற பதிவுகளைத் தடுக்க உதவும். ஆனால் அத்தொகுப்பு எவருடைய பொறுப்பில், எவ்வகை நிபந்தனையோடு இருக்கும் என்பதை முன்னரே வரையறுக்காவிடின், அது வாட்சனின் தொகுதிகளுக்கு மின்னணு வடிவமாகவே முடியும்.

முடிவுரை

அடை, துணி மாதிரி, அட்டை, கோப்பு என வடிவத்தின் இருப்பிடம் மாறிய வரலாற்றில், நகலெடுப்பு எளிதாகுந்தோறும் நெசவாளரின் பங்கு மறைந்து வந்துள்ளது. நடப்புச் சட்டங்கள் கருவியையும் ஊர்ப்பெயரையும் வரைபவரையும் பாதுகாக்கின்றன, நெய்பவரைப் பாதுகாப்பதில்லை. புவிசார் குறியீட்டின் கூட்டுரிமைக் கொள்கையை வடிவங்களுக்கும் விரித்தல், புதிய வடிவங்களைக் கூட்டுறவுச் சங்கத்தின் பெயரில் நெசவாளர் பெயரோடு பதிவு செய்தல், நிகழ்த்துநருக்கு உள்ள பெயருரிமையை நெசவாளருக்கும் வழங்குதல் ஆகிய மூன்றும் உடனடியாக எண்ணத்தக்கவை. கோ-ஆப்டெக்ஸ் தன் சேலைகள் சிலவற்றில் நெசவாளரின் படத்தையும் பெயரையும் இணைத்தது, சட்டத்திருத்தம் இல்லாமலேயே இத்திசையில் ஓர் அடி எடுத்து வைக்க இயலும் என்பதைக் காட்டுகிறது. கச்சிப்பேட்டின் பட்டசாலியரைச் செப்பேடு தன் வாசகத்தில் சுட்டி நின்றது. இன்றைய ஆவணங்களில் அவர்தம் தொழில்வழி வந்தோரின் பெயர் இடம்பெறுதல், அவர்களுக்கு வழங்கும் சலுகை அன்று. விடுபட்டதை நிறைவு செய்தலேயாகும்.