கட்டைவிரல் வெஸ்

போன வாரம் பார்த்த ஜாஸ் கிதார் கலைஞர் சார்லி கிறிஸ்டியன் 25 வயதிலேயே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருடைய இசைத்தட்டுகளைக் கேட்டுக் கேட்டே கிதார் பழகியவர் இண்டியானாபொலிஸ்காரரான வெஸ் மாண்ட்கோமரி. குரு கிடையாது, இசைக்குறிப்பு படிக்கவும் தெரியாது. கிறிஸ்டியனின் தனி வாசிப்புகளை ஸ்வரம் பிசகாமல் மனப்பாடம் செய்து, அந்தச் சரக்கை வைத்தே ஒரு கிளப்பில் வேலை வாங்கிவிட்டார். சரக்கு தீர்ந்ததும் மேடையை விட்டு இறங்கிவிடுவாராம்!

பயிற்சியெல்லாம் வேலை முடிந்து வந்த பிறகு, இரவில்தான். ஆம்ப்ளிஃபயர் சத்தத்தில் அக்கம்பக்கத்தார் தூக்கம் கெட்டுப் புகார் சொல்ல, தந்தி மீட்டும் பிக்கை ஓரமாக வைத்துவிட்டுக் கட்டைவிரல் சதையால் மீட்ட ஆரம்பித்தார். சத்தம் தணிந்தது, நாதம் கனிந்தது. அடுத்து வந்தது ஆக்டேவ் வாசிப்பு. ஒரே ஸ்வரம் இரண்டு ஸ்தாயிகளில் ஒரே மீட்டலில் ஒலிக்கவேண்டும். ஆள்காட்டி விரல் ஒரு தந்தியை அழுத்த, இன்னொரு விரல் நடுவில் ஒன்றை விட்டு அடுத்ததை அழுத்தும். நடுவே சிக்கும் தந்தி வாய் திறந்தால் காரியம் கெட்டது. ஆள்காட்டி விரலின் அடிப்பக்கம் பட்டும்படாமல் அதன் வாயை அடைக்கும். மற்றவர்கள் அங்கங்கே தொட்டுக்கொண்ட இந்த உத்தியில் வெஸ் பக்கம் பக்கமாகக் கற்பனை செய்தார்.

1959. பகலில் தொழிற்சாலை, இரவில் டர்ஃப் பார், அது மூடியதும் விடியும்வரை மிசைல் ரூம். குடும்பம் பெரியது, வேறு வழியில்லை. அந்தச் செப்டம்பரில் சாக்ஸபோன் மேதை கேனன்பால் ஆடர்லி மிசைல் ரூமில் இவரைக் கேட்டு அசந்துபோனார். நியூயார்க்கில் ரிவர்சைடு கம்பெனியின் ஆரின் கீப்நியூஸைப் பிடித்து, 'இவரை விடாதே' என்கிற அளவுக்கு வற்புறுத்தினார். கீப்நியூஸ் நேரில் போய்க் கேட்டார், ஒப்பந்தம் போட்டார். அக்டோபர் 5, 6 தேதிகளில் நியூயார்க்கில் ஒலிப்பதிவு. வெஸ்ஸுக்கு வயது 36.

பெரிய பெயர்களைச் சேர்க்காமல் ஊர்க் குழுவையே அழைத்துப்போனதுதான் அப்படிப் பதிவான 'தி வெஸ் மாண்ட்கோமரி ட்ரையோ' ஆல்பத்தின் சிறப்பு. ஆர்கன் மெல்வின் ரைன், டிரம்ஸ் பால் பார்க்கர். பாஸ் வாசிக்கத் தனி ஆள் இல்லை. அந்தச் சுமையும் ரைன் தலையில். ஜாஸ் ஆர்கன் என்றாலே ஜிம்மி ஸ்மித் பாணி முழக்கம் என்றிருந்த காலத்தில் ரைன் அடக்கியே வாசிக்கிறார். சில இடங்களில் அடக்கம் கொஞ்சம் அதிகம்தான். ஆனால், முதல் பாட்டான தெலோனியஸ் மாங்கின் 'ரவுண்ட் மிட்நைட்'டில் கட்டைவிரலின் மென்மை முழுசாகக் காதில் விழுவது அதனால்தான். 'மிசைல் புளூஸ்' அந்த கிளப்பின் பெயரைத் தாங்கியது.

அடுத்த ஜனவரியில் டாமி ஃபிளானகனின் பியானோவோடு பதிவான 'தி இன்க்ரெடிபிள் ஜாஸ் கிதார்'தான் வெஸ்ஸை உலகறியச் செய்தது. வாசிப்பின் வீச்சில் அது ஒருபடி மேல், மறுக்கமாட்டேன். அதைப் பற்றி அடுத்த வாரம்.

(தொடரும்)